சாமி இறங்கும், ஆசாமி ஏறுவான்

சித்திரை மாதம் வந்தால் மதுரையில் ஒரு விசித்திரமான போக்குவரத்து நடக்கும். கள்ளழகர் மலையை விட்டு இறங்கி, எதிர்சேவை வாங்கிக்கொண்டு, வைகைக்கு வருவார். (வைகையில் தண்ணீர் இருக்குமா என்பது அழகருக்கும் அணை என்ஜினீயருக்கும் உள்ள சொந்த விஷயம்!) அதே வாரத்தில், கையில் நாலு காசு பார்த்த மதுரைக்காரன் குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு மலை ஏறுவான். சாமி இறங்கும், ஆசாமி ஏறுவான்.

அப்படி ஏறுகிற ஆசாமியின் தலையில் ஐந்து சென்ட் நிலத்தைக் கட்டுவதுதான் என்னுடைய முதல் உத்தியோகம்.

வருஷம் 1994. பி.காம். செகண்ட் கிளாஸ், டைப்ரைட்டிங் லோயர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மதுரையில் ஏறாத படி இல்லை. கடைசியாக ஏறியது டவுன் ஹால் ரோட்டில் ஒரு மாடிப்படி. மேலே ஒரு புரமோட்டர் ஆபீஸ். முதலாளி என் சர்டிபிகேட்டைத் திறக்கவே இல்லை. "டை கட்டத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். டிராயரிலிருந்து எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் டை ஒன்றை எடுத்துப் போட்டார். "மாட்டிக்க. நாளையிலேர்ந்து நீ மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்." சம்பளம் தொள்ளாயிரம். பத்திரம் பதிவானால் கமிஷன்.

ஆபீஸ் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர். வெள்ளை வெளேரென்று பனிமலை, அடிவாரத்தில் சிவப்புக் கூரை போட்ட மர வீடு, வாசலில் சறுக்குக் கட்டைகளோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். கீழே கொட்டை எழுத்தில் 'கொடைக்கானல் வில்லா'. வருகிற கஸ்டமர் வாயைப் பிளந்துகொண்டு, "இம்புட்டுப் பனி விழுமாண்ணே?" என்பார். எங்கள் சீனியர் கண் இமைக்காமல், "சீஸன்ல விழும்ணே" என்பார். எந்த சீஸன் என்று யாரும் கேட்டதில்லை. கொடைக்கானலில் அப்படிப் பனிமழை பெய்யாது. டிசம்பர், ஜனவரியில் விடிகாலைப் புல் மேல் உறைபனி உப்புத் தூவினாற்போல இருக்கும், அவ்வளவுதான். அந்த போஸ்டர் ஸ்விட்சர்லாந்து!

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் படம் முழுப் பொய்யும் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்று ஒரு ஊர். வெள்ளைக்காரப் பிரபுக்கள் கோடையில் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். 1864-ல் யோஹான்னஸ் பட்ரூட் என்ற ஹோட்டல்காரர் அவர்களிடம், "குளிர்காலத்திலும் வந்து தங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் போக்குவரத்துச் செலவு என்னுடையது" என்று பந்தயம் கட்டினார் என்பார்கள். வந்தவர்கள் திரும்பிப் போக மனசில்லாமல் மாசக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்களாம். குளிரை விற்கலாம் என்று அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் ஆஸ்பென் என்று ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1893-ல் வெள்ளி விலை விழுந்ததும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஊர், இரண்டாம் உலகப்போர் முடிந்து பனிச்சறுக்கு வந்ததும் பிழைத்தது. எவ்வளவு பிழைத்தது என்றால், இப்போது அங்கே ஒரு வீட்டின் விலையைச் சொன்னால் நமக்கு மயக்கம் வரும். அந்த ஊர் பஸ் டிரைவரும் வாத்தியாரும் சமையல்காரரும் பள்ளத்தாக்கில் எங்கேயோ தள்ளி வீடு பிடித்துத் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். கொடைக்கானலில் முதல் 'வில்லா' கட்டியவர்களும் மதுரைப் பார்ட்டிகள்தான். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் ஆளும் பிள்ளையுமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பக்கத்திலிருக்கிற சிறுமலையில் போய்த் தங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் பின்னாலேயே வந்தது. அப்புறம் இன்னும் உயரமாகப் போவோம் என்று 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். ஒன்றுக்குப் பெயர் 'சன்னிசைடு', இன்னொன்று 'ஷெல்டன்'. பெயர் வைப்பதில்கூட அப்போதே ரியல் எஸ்டேட் வாசனை! ஆனால் அவர்களுக்கு அது சொகுசு வீடு இல்லை, உயிர் பிழைக்கிற வீடு. எங்கள் ஆபீஸ் நோட்டீஸில் இந்தச் சமாசாரத்தை விட்டுவிடுவோம்.

அப்புறம் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் வந்தார். 1863-ல் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தை மறித்து ஏரி ஆக்கியவர் இவர்தான். ஏரி வந்தால் 'லேக் வியூ' வரும். 'லேக் வியூ' வந்தால் விலை வரும். இத்தனைக்கும் அப்போது சரியான ரோடு கிடையாது. அம்மையநாயக்கனூரில் (அதுதான் கொடை ரோடு) ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் போய், அங்கேயிருந்து குதிரையோ டோலியோ. டோலி தூக்கினவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வத்தலக்குண்டு பக்கமாக மலைப்பாதை முடிந்தது 1914-ல்தான்.

அந்தப் பாதையை எங்கள் சீனியர் சங்கீத வித்வான் ராகத்தைக் கையாளுவது போலக் கையாளுவார். காலையில் கிளம்பவே மாட்டார். "உச்சி வெயில்ல கெளப்புடா. அரசரடி சிக்னல்ல கஸ்டமருக்கு வேர்த்துக் கொட்டணும். அப்பத்தான் மேல போனதும் காசு இறங்கும்." அக்னி நட்சத்திரம் என்றால் அவருக்குத் தீபாவளி. வத்தலக்குண்டில் ஒரு டீ. காட் ரோடு ஏறியதும் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்துவார். எதிரே தலையாறு அருவி வெள்ளை நூல் மாதிரி தொங்கும், 975 அடி. "இங்க நீ வாயத் தொறக்காத. காத்து பேசும்" என்பார் என்னிடம். காற்று பேசும். கஸ்டமரின் சம்சாரம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். பெருமாள்மலையில் பிள்ளைகளுக்கு மங்கி கேப். சில்வர் காஸ்கேடு வருவதற்குள் மதுரையில் சொன்ன விலையின் மேல் சென்ட்டுக்கு இரண்டாயிரம் ஏறியிருக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு இவ்வளவு என்று ஒரு மீட்டர் அவர் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் குறிஞ்சி வேறு பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலையே நீலமாக மாறும். 1994, அப்புறம் 2006, 2018. "இந்தப் பூ அடுத்த தடவை பூக்கறப்ப உங்க இடம் எங்க நிக்கும் தெரியுமா?" என்பது எங்கள் டயலாக். விலையைத்தான் சொன்னோம். இடமே நிற்குமா என்று கஸ்டமர்கள் கேட்டிருக்கலாம்.

எங்கள் சைட் வில்பட்டி போகிற வழியில் ஒரு சரிவில் இருந்தது. சரிவு என்று நான் இப்போது சொல்கிறேன். அப்போது அதற்குப் பெயர் 'ஜென்டில் ஸ்லோப், வேலி வியூ'. வெள்ளை அடித்த கற்கள் நட்டு, 1 முதல் 42 வரை நம்பர் எழுதியிருந்தோம். அதைக் காட்டுவதற்கு நேரம் உண்டு. மிஸ்ட் இறங்குகிற நேரம்! மூன்று மணிக்கு மேல் மேகம் வந்து மூடிக்கொள்ளும். கஸ்டமர் காலடி தெரியும், பக்கத்துக் கல் தெரியும், பத்தடிக்கு அப்பால் சொர்க்கம் மாதிரி வெள்ளையாக இருக்கும். பள்ளம் தெரியாது. "மேகம் உங்க ப்ளாட்டுக்குள்ளேயே வருதுண்ணே!" என்றால் மனுஷன் சொக்கிப் போவான்.

ஒரு தடவை மேகத்துக்குள்ளிருந்து ஒரு காட்டுமாடு வந்துவிட்டது. ஆறடி உயரம். நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ். 17-ஆம் நம்பர் கல்லில் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றது. கஸ்டமர் வேனுக்குள் பாய்ந்துவிட்டார். சீனியர் அசரவில்லையே! "பாத்தீங்களாண்ணே, லட்சுமி வந்து நிக்குது உங்க இடத்துல!" அந்த ப்ளாட் அன்றைக்கே அட்வான்ஸ் ஆனது.

இப்படிச் சிரித்துக்கொண்டு போயிருந்தால் இந்த வாரக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். நடுவில் ஒரு கணக்கு வாத்தியார் வந்தார்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆனவர். வேட்டி, குடை, மஞ்சள் பை. பைக்குள் மலைப்பாதையில் குமட்டாமல் இருக்க ஒரு எலுமிச்சம்பழம். சின்ன வயசில் சாரணர் முகாமுக்குக் கொடைக்கானல் வந்தாராம். ஏழு நாள். அந்த ஏழு நாளை முப்பத்தைந்து வருஷமாக வைத்துக்கொண்டிருந்தார். பி.எஃப். பணம் வந்ததும் முதலில் எங்கள் படி ஏறினார்.

மிஸ்ட் நேரத்தில்தான் காட்டினேன். 23-ஆம் நம்பர். ஐந்து சென்ட், தொண்ணூறாயிரம். அவர் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அது ஒரு வினாடி யோசித்தது. அப்புறம் உருண்டது. உருண்டு, உருண்டு, மேகத்துக்குள் போய்விட்டது.

"தம்பி, பழம் எங்க போச்சு?"

"வேலி வியூக்குப் போயிருக்கும் ஸார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல ஜோக் அதுதான். இன்னும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பத்தாயிரம் டோக்கன் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷ ஆசை எலுமிச்சம்பழம் உருண்டதற்காக நின்றுவிடுமா?

மறுநாள் சைட் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அக்கா, "23-ஆ வித்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "பாவம் தம்பி, யாரு வாங்குனது? அது ஓடைல்ல. ஐப்பசில அங்க தவளைகூட நிக்காது."

சீனியரிடம் போய்க் கேட்டேன். "தண்ணி போனாத்தாண்டா ஓடை. இப்ப எங்க போகுது? பட்டா இருக்கா, இருக்கு. அப்பறம் என்ன?" என்றார். பட்டா இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் பட்டாவுக்கு மழை பெய்யாதே! மலையில் மனை பிரிப்பதென்றால் தனிச் சட்டம், 'ஹாக்கா' என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு 1990-லேயே வந்தாயிற்று. விவசாயப் பொறியியல் துறை, கனிமத் துறை, வனத் துறை என்று ஒவ்வொருவரும் மண்ணையும் சரிவையும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எங்கள் ஃபைலில் இருந்த ஒரே 'அப்ரூவல்', பஞ்சாயத்துத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப் வைத்த ஒரு காகிதம்.

பத்திரப் பதிவு ஆவணியில் என்று முடிவானது. ஆடி மாதம் ஒருநாள் வாத்தியார் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். சொல்லிவிடுவதாகத்தான் போனேன். அவர் சம்சாரம் முறுக்கு வைத்தார். வாத்தியார் ஒரு கிராஃப் நோட்டை விரித்தார். வீட்டு பிளான்! ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டடி என்று ஸ்கேல் போட்டு, ஜன்னல் எங்கே, கணப்பு அடுப்பு எங்கே, மழைக்காலத்தில் துணி காயவைக்கிற கொடி எங்கே என்று பென்சிலில் எல்லாம் இருந்தது. "இந்த மூலையில இவ உக்காந்து பள்ளத்தாக்கப் பாப்பா" என்று ஒரு புள்ளி வைத்திருந்தார். முறுக்கு எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பர்சென்ட் கமிஷன், 1,800 ரூபாய். எனக்கு இரண்டு மாதச் சம்பளம். தங்கச்சிக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய வாரம் அது. உத்தமன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. எழுந்து வாசல் வரை வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் திரும்பினேன்.

"ஸார், ஆவணி வேணாம். ஐப்பசில ஒரு தடவை பாத்துட்டு..."

"ஏன் தம்பி? மழைல பாக்கணுமா?"

"ஆமா ஸார்."

"உங்க முதலாளி சொல்லி விட்டாரா?"

"இல்ல ஸார்."

அவர் கிராஃப் நோட்டை மூடினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசியில் அடாத மழை. சொன்ன தேதிக்கு வந்து நின்றார். 23-ஆம் நம்பர் கல்லைக் காணோம். 22-ம் இல்லை, 24-ம் இல்லை. செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு அவருடைய சமையற்கட்டு வழியாகவும் சம்சாரம் உட்காரவேண்டிய மூலை வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் குடையை மடக்கித் தண்ணீருக்குள் விட்டு, நனைந்த இடம் வரை சாண் போட்டார். "ரெண்டே கால் அடி" என்றார். கணக்கு வாத்தியார்!

டோக்கன் திரும்பத் தரமுடியாது என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்பளம் நானா குடுக்குறேன், அந்த வாத்தியாரா?" என்றார். பதில் சொல்வதற்குள் டையைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். எலாஸ்டிக் என்பதால் சீக்கிரம் வந்துவிட்டது.

பணத்துக்கு நான்தானே பொறுப்பு என்று வாத்தியாருக்கு இருநூறு ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஒரு கார்டு: 'கணக்குத் தப்பு. வாங்கியவர் வேறு.' அப்புறம் அவரே ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தார். சண்டை போடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து, கஸ்டமர் பெஞ்சில் குடையை ஊன்றிக்கொண்டு உட்காருவார். புதுசாக யாராவது வந்தால் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி: "உங்களுது ஓடைப் பக்கமா, மேட்டுப் பக்கமா?" மூன்றாவது திங்கட்கிழமை முதலாளி பத்தாயிரத்தைக் கவரில் போட்டுக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். சீனியர் எனக்குச் சொன்ன தகவல் இது. சொல்லும்போது அவருக்கே பெருமை தாங்கவில்லை.

வேலை போன கையோடு மதுரையில் வேறு வேலை தேடியிருக்கலாம். எனக்கு என்னமோ அந்த மலை பிடித்துப் போயிருந்தது. ஒரு காட்டேஜில் மேனேஜர் வேலை என்று ஏறினேன். நாயுடுபுரத்தில் ஒற்றை அறை.

சொகுசாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். தேங்காய் எண்ணெய் உறைந்து போகும், பாட்டிலை வெந்நீரில் போட்டுத்தான் தலை வார முடியும். தீப்பெட்டி நமுத்துப் போகும். ஆனியில் துவைத்த பனியன் ஆடியில் காயும். வெள்ளைச் சட்டையில் பூசணம் பூத்து டிசைன் போடும். சீஸன் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, அப்புறம் பூஜா லீவு சமயத்தில் கொஞ்சம். மீதி மாசமெல்லாம் ஏரியைச் சுற்றி நாமும் குதிரைகளும்தான். பெண் பார்க்கப் போனால், "மாப்பிள்ளை மலையிலயா இருக்காரு? எங்க பொண்ணுக்கு சைனஸ்" என்பார்கள். மதுரையில் ஏழு சைனஸ் பார்த்தேன். கடைசியில் வத்தலக்குண்டில் முடிந்தது. பாதி மலை, பாதி தரை. நியாயமான ஒப்பந்தம்!

ஆஸ்பென் பஸ் டிரைவரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இங்கேயும் அவர் இருக்கிறார். பூண்டும் பீன்ஸும் போட்டிருந்த நிலத்தை 90-களில் சென்ட் கணக்கில் விற்றவர்களைத் தெரியும். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஒரு ஜீப் என்று அந்தப் பணம் மூன்று வருஷத்தில் கரைந்தது. அதே நிலத்தில் எழுந்த வில்லாவின் கேட்டில் விற்றவர் மகன் வாட்ச்மேன். கண்ணாடி துடைக்கிறவர் மருமகள். அவர்களே திரும்ப ஒரு சென்ட் வாங்க வேண்டுமென்றால் ஜென்மத்துக்கும் முடியாது. மலையில் வேறு வேலைதான் என்ன இருக்கிறது? 1983-ல் வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவை வெளியே கொட்டியது அம்பலமாகி 2001-ல் மூடிவிட்டது. வேலை பார்த்தவர்களுக்கு உடம்பைக் கெடுத்ததற்கு நஷ்டஈடு ஒப்பந்தம் வர 2016 ஆயிற்று. மிச்சம் இருப்பது டாக்ஸி, குதிரை, ரூம் பாய், வாட்ச்மேன்.

நான் மட்டும் என்ன? இன்றைக்கு என் இடுப்பில் பதினாலு வில்லாக்களின் சாவி தொங்குகிறது. மதுரை, திருப்பூர், சென்னை ஓனர்கள். வருஷத்தில் பத்து நாள் வருவார்கள், சிலர் அதுவும் இல்லை. நான் வாரம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்து, குழாயைத் திருகி, கட்டிலுக்கு அடியில் தேள் பார்த்துவிட்டு, பூட்டிக்கொண்டு என் வாடகை வீட்டுக்கு வருவேன். பதினாலு கணப்பு அடுப்பு இருக்கிறது என் பொறுப்பில். என் வீட்டில் ஒரு குமுட்டி.

கூடவே புரோக்கர் வேலையும் உண்டு. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துக்கு அப்புறம் ஏஜெண்டுக்கும் பதிவு எண் வேண்டும். எடுத்திருக்கிறேன். டை கட்டுவதில்லை. ஆபீஸில் வேலை பார்க்கிற தம்பிமார்கள் இ.எம்.ஐ. கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது கமிஷனைக் கெடுக்கிற பேச்சு. முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார், தாய்ப்பத்திரம் ஒரிஜினலைப் பார் என்பதெல்லாம் வக்கீலே சொல்வார். வக்கீல் சொல்லாதது: புலப்பட வரைபடத்தில் கோடு கோடாக வளைந்து போவது ரோடு இல்லை, ஓடை. பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடி. மே மாதம் பார்த்ததை ஐப்பசியில் இன்னொரு தடவை பார். தண்ணீர் குழாயில் வருமா, லாரியில் வருமா என்று சீஸன் நேரத்தில் கேள். 'அப்ரூவல் வந்துடும்' என்றால் வரவில்லை என்று அர்த்தம். 2016-லிருந்து அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்வதே பெரும்பாடு. அதற்கும் மேல், விதி மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு 2019-ல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தபோது இந்த ஊரில் எத்தனை பேர் நடுத்தெருவில் சாவியோடு நின்றார்கள் என்று கண்ணால் பார்த்தவன் நான்.

மாடி விஷயத்திலும் இந்த மலை விளையாட்டுக் காட்டாது. 'ப்ளெசண்ட் ஸ்டே' ஹோட்டலுக்கு விதியை மீறிக் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி தந்த வழக்கில் 2000 பிப்ரவரியில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுத் தண்டனை விதித்தது கீழ்க் கோர்ட். 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்பு வந்த நாளில் தருமபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவிகளை யாரும் திருப்பித் தரவில்லை. மாடிக் கணக்கு வெறும் செங்கல் கணக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பஸ்தான் ஞாபகம் வரும்.

கணக்கு வாத்தியார் கதை பாக்கி இருக்கிறது. அவர் இடம் வாங்கவே இல்லை. ஆனால் வருஷா வருஷம் ஐப்பசியில் வந்தார், சம்சாரத்தோடு. கூட்டம் இல்லாத மாசம், வாடகை மலிவு. என் ஓனர் ஒருவர், "பூட்டியே வெச்சா பூசணம் புடிக்குது, யாராச்சும் நல்ல ஆளா இருந்தா தங்க வைப்பா" என்று சொல்லியிருந்தார். பள்ளத்தாக்கைப் பார்த்த மூலையில் ஒரு நாற்காலி. அம்மா அதில் உட்கார்ந்து முறுக்குக் கொறிப்பார். வந்த முதல் நாள் வாத்தியார் தாழ்வாரத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்ப்பார். அது அப்படியே நிற்கும். "நல்ல மேஸ்திரி" என்பார். 2011 வரை வந்தார்கள். அதற்கப்புறம் கார்டு வரவில்லை.

போன வைகாசியில் ஒரு கார் வந்து நின்றது. (மலை ஏற இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே 7-லிருந்து வந்த பிறகும் கார்களுக்கு ஒன்றும் குறைவில்லை.) இறங்கியவன் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், முப்பது வயசு இருக்கும். வாத்தியாரின் மகள் வயிற்றுப் பேரன்!

"அங்கிள், தாத்தா உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காரு. அஞ்சு சென்ட் எங்கயாச்சும் இருக்கா?"

ஒரு இடம் இருந்தது. பேப்பர் எல்லாம் சுத்தம். கூட்டிப்போனேன். நாங்கள் போய்ச் சேரவும் மேகம் இறங்கவும் சரியாக இருந்தது. பையன் சொக்கிப்போய் நின்றான். அப்புறம் பொறுப்பு வந்தவன்போல செல்போனை எடுத்துத் தரையில் வைத்தான்.

"இதுல லெவல் பாக்குற ஆப் இருக்கு அங்கிள். ஸ்லோப் எத்தன டிகிரின்னு சொல்லிடும்."

"போன் உருளாது தம்பி" என்றேன். "வண்டில எலுமிச்சம்பழம் இருக்கா?"